விக்டோரியா மேலவை 2018–2022: உறுப்பினர் பட்டியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகர் மெல்பர்னில் ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு மலருக்குப் பிழை திருத்திக் கொடுத்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். '2014 தேர்தலில் வென்று விக்டோரியா மேலவைக்குள் நுழைந்த சமந்தா ரத்னம்' என்று இருந்தது. எழுதியவர் சும்மா எழுதிவிடவில்லை. 2014–2018 காலத்து மேலவை உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறார், அதில் ரத்னத்தின் பெயர் இருந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் அந்தத் தேர்தலில் வென்றிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். ஆனால் இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட, பசுமைக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவரான அவர் மேலவைக்குள் வந்தது 2017 அக்டோபரில். கிரெக் பார்பர் பதவி விலகியதால் காலியான இடத்துக்கு நியமிக்கப்பட்டு வந்தார். அதற்காகத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

இதே மாதிரியான தவறை மாணவர் கட்டுரைகளிலும் சங்க மனுக்களிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யார் எப்போது, எந்தக் கட்சியில், எந்த வழியாக அவையில் இருந்தார் என்பது நம்மவர்களின் எழுத்தில் சரியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எனக்கு நன்றாகத் தெரிந்த 2018–2022 பதவிக்காலத்தையே இங்கே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஊர் நினைப்பில் இந்த அவையைப் பார்ப்பது

'மேலவை' என்று சொன்னதும் நம் மனசுக்கு வருவது 1986இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமன்ற மேலவை. பட்டதாரிகள் ஒரு பங்கு, ஆசிரியர்கள் ஒரு பங்கு, உள்ளாட்சி அமைப்புகள் ஒரு பங்கு, எம்.எல்.ஏ.க்கள் ஒரு பங்கு, ஆளுநர் நியமனம் ஒரு பங்கு. ஆறு வருடப் பதவி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு. இந்தப் படத்தை அப்படியே விக்டோரியாவுக்குக் கொண்டுவந்தால் முதல் அடியே தப்பாகிவிடும்.

விக்டோரியாவில் 2006 தேர்தலிலிருந்து மேலவைக்கு 40 உறுப்பினர்கள். மாநிலம் எட்டுப் பிராந்தியங்களாகப் பிரிந்திருக்கிறது, பிராந்தியத்துக்கு ஐந்து பேர். எல்லோரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழவையோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, 40 இடங்களுக்கும் ஒரேயடியாகத் தேர்தல். பாதிப் பேர் மட்டும் மாறுவது என்ற பேச்சே இல்லை.

பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அப்படி இல்லை. அங்கே 42 பேர், எட்டு வருடப் பதவி, ஒவ்வொரு தேர்தலிலும் 21 பேர் மட்டும் புதிதாக வருவார்கள். டாஸ்மேனியாவில் ஆறு வருடம், அதுவும் ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில். குவீன்ஸ்லாந்தில் 1922லேயே மேலவையை ஒழித்துவிட்டார்கள். எனவே 'ஆஸ்திரேலிய மாநில மேலவை உறுப்பினரின் பதவிக்காலம் இத்தனை ஆண்டு' என்று பொதுவாக ஒரு வாக்கியம் எழுத முடியாது. எந்த மாநிலம் என்று முதலில் சொல்ல வேண்டும். சிட்னியில் இருக்கும் தமிழரும் மெல்பர்னில் இருக்கும் தமிழரும் இதைப் பேசும்போது இரண்டு வேறு அவைகளைப் பேசுகிறார்கள்.

தேர்தல் இரவு முடிவை நான்கு வருடத்துக்கும் எடுத்துக்கொள்வது

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

2018 நவம்பர் 24 தேர்தலில் வந்த கணக்கு இது: தொழிற்கட்சி 18, லிபரல் 10, நேஷனல் 1, டெரின் ஹின்ச் நீதிக் கட்சி 3, லிபரல் டெமாக்ரட் 2. பசுமைக் கட்சி, ரீசன் கட்சி, விலங்கு நீதிக் கட்சி, வேட்டைக்காரர்-மீனவர்-விவசாயிகள் கட்சி, சஸ்டெய்னபிள் ஆஸ்திரேலியா, டிரான்ஸ்போர்ட் மேட்டர்ஸ் ஆகிய ஆறுக்கும் தலா 1. கூட்டிப் பாருங்கள், 40 வரும்.

இந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கியது தெரியுமா? அவை முதன்முறையாகக் கூடும் வரைகூடத் தாங்கவில்லை. மேற்கு மெட்ரோபாலிட்டன் பிராந்தியத்தில் ஹின்ச் கட்சி சார்பில் வென்ற கேத்தரின் கம்மிங், பதவிப் பிரமாணம் எடுப்பதற்கு முன்பே கட்சியை விட்டு விலகிச் சுயேச்சை ஆகிவிட்டார். அந்தக் கட்சி மூன்று இடம் வென்றது என்பது உண்மை. அவையில் அதற்கு மூன்று பேர் இருந்தார்கள் என்று எழுதினால் அது ஒரு நாளைக்குக்கூட உண்மை இல்லை.

அப்புறம் 2020 ஜூன். தொழிற்கட்சிக்குள் கிளை உறுப்பினர் சேர்க்கையில் முறைகேடு செய்தார் என்ற குற்றச்சாட்டுத் தொலைக்காட்சியில் வெளியானதும், அமைச்சர் ஆடெம் சோம்யுரெக் பதவி பறிக்கப்பட்டார். கட்சியை விட்டும் விலகினார். உறுப்பினர் பதவியை மட்டும் விடவில்லை. 18 என்பது 17 ஆனது. 2022 மார்ச்சில் கௌசல்யா வகேலா கட்சியிலிருந்து விலகி, நியூ டெமாக்ரட்ஸ் என்று சொந்தக் கட்சி தொடங்கினார். 17 என்பது 16 ஆனது. அதே வருடம் மே மாதம் லிபரல் கட்சி பெர்னி ஃபின்னை வெளியேற்றியது. அவர் ஜனநாயகத் தொழிற்கட்சியில் போய்ச் சேர்ந்தார். இது ஆளும் தொழிற்கட்சி இல்லை, வேறு கட்சி. தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் ஒட்டிப் போய்விடும், கவனமாக இருக்க வேண்டும்.

எனவே '2018–2022இல் தொழிற்கட்சிக்கு மேலவையில் 18 பேர்' என்று தேதி போடாமல் எழுதக் கூடாது. 2019இல் 18, 2021இல் 17, 2022 நடுவில் 16. மூன்றும் சரி, மூன்றும் ஒரே பதவிக்காலம்தான்.

காலியிடம் வந்தால் இடைத்தேர்தல் நடக்கும் என்று நினைப்பது

கீழவையில் ஓர் இடம் காலியானால் இடைத்தேர்தல் உண்டு. மேலவையில் கிடையாது. போனவர் எந்தக் கட்சியின் பெயரில் தேர்தலில் வென்றாரோ, அந்தக் கட்சி ஒருவரைச் சொல்லும். இரண்டு அவைகளும் கூட்டு அமர்வாகக் கூடி அவரை நியமிக்கும். மக்கள் ஓட்டுப் போட வேண்டியதில்லை. ஒரு பிராந்தியத்துக்கு ஐந்து பேர் இருக்கும் விகிதாசார முறையில் ஓர் இடத்துக்கு மட்டும் தேர்தல் வைத்தால், சிறிய கட்சியின் இடம் பெரிய கட்சிக்குப் போய்விடும். நியமன முறைக்கு அது ஒரு நியாயமான காரணம்.

2018–2022இல் இப்படி ஆறு பேர் உள்ளே வந்தார்கள். ஃபிலிப் டாலிடாகிஸ் இடத்துக்கு என்வர் எர்டோகன், மேரி வூல்ட்ரிட்ஜ் இடத்துக்கு மேத்யூ பாக், கேவின் ஜென்னிங்ஸ் இடத்துக்கு லீ டார்லமிஸ். சுகாதார அமைச்சராக இருந்த ஜென்னி மிக்காகோஸ் 2020 செப்டம்பரில் விலகியபோது ஷீனா வாட். எட்வர்ட் ஓ'டொனஹியூ விலகியபோது கேத்ரின் பர்னெட்-வேக். 2022 ஜூலையில் ஜேன் காரெட் இறந்தபோது டாம் மெக்கின்டோஷ்.

அப்படியானால் அந்தப் பதவிக்காலத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் மொத்தம் 46 பேர். எந்த ஒரு நாளை எடுத்தாலும் இடம் 40தான். பட்டியலில் பெயர்களை எண்ணி '46 இடங்கள் கொண்ட அவை' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஆட்களும் இடங்களும் வேறு வேறு எண்ணிக்கை.

இதில் இன்னும் இரண்டு நுணுக்கம் உண்டு. லீ டார்லமிஸ் 2020இல் நியமனம் ஆனார் என்பதை வைத்து அவரைப் புதியவர் என்று எழுதிவிடக் கூடாது; 2010 முதல் 2014 வரை அவர் அதே அவையில் இருந்தவர். டேவிட் லிம்ப்ரிக் கதை இன்னும் விசித்திரம். லிபரல் டெமாக்ரட் உறுப்பினரான அவர் 2022 ஏப்ரலில், கூட்டாட்சித் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார். அதில் வெல்லவில்லை. ஜூனில், தான் காலி செய்த அதே இடத்துக்குத் தானே நியமிக்கப்பட்டுத் திரும்பி வந்தார். பட்டியலில் அவர் பெயர் ஒரு வரிதான், ஆனால் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த மே மாதம் நடந்த ஏதாவது ஒரு வாக்கெடுப்பைப் பற்றி எழுதி அதில் லிம்ப்ரிக்கைச் சேர்த்துவிட்டால் பிழை.

விலகல், மரணம், நியமனம், கட்சி மாறல் நான்குக்கும் தனித்தனிச் சொல் போடுங்கள். 'மாற்றப்பட்டார்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கினால், ஜேன் காரெட் மாதிரி நோயோடு போராடி இறந்த ஒருவரையும் கட்சி தூக்கிப் போட்டதுபோல ஆகிவிடும்.

பெரும்பான்மைக் கணக்கில் அவைத் தலைவரை விட்டுவிடுவது

கீழவையில் சபாநாயகர் சாதாரணமாக ஓட்டுப் போடமாட்டார். இரு பக்கமும் சமமானால் மட்டும் ஒரு பக்கம் சாய்ப்பார். நமக்குத் தெரிந்த வழக்கமும் அதுதான். விக்டோரியா மேலவைத் தலைவருக்கு அப்படி இல்லை. மற்ற உறுப்பினர்களைப்போல அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு, சாய்க்கும் ஓட்டுக் கிடையாது. சமமாக முடிந்தால் அந்தத் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம். ஆகவே 40 பேரும் வந்து ஓட்டுப் போட்டால் ஜெயிக்க 21 வேண்டும், 20 போதாது.

இது வெறும் விதி என்று தோன்றும். 2021 நவம்பரில் மாநிலமே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸின் தொழிற்கட்சி அரசு, பெருந்தொற்றுக் காலத்துக்கான புதிய அதிகாரங்களைத் தரும் மசோதாவைக் கொண்டுவந்தது. மசோதாவை எதிர்த்து ஸ்பிரிங் தெருவில் நாடாளுமன்றத்துக்கு வெளியே பெரிய கூட்டம். உள்ளே அரசு போட்ட கணக்கு இப்படி: தொழிற்கட்சிக்கு 17, கூடவே பசுமைக் கட்சியின் சமந்தா ரத்னம், ரீசன் கட்சியின் ஃபியோனா பாட்டன், விலங்கு நீதிக் கட்சியின் ஆண்டி மெடிக். ஆக 20. கட்சியை விட்டுப் போன சோம்யுரெக் நீண்ட நாளாக அவைக்கே வராததால் எதிரில் 19. இருபதுக்குப் பத்தொன்பது, மசோதா நிறைவேறிவிடும்.

அந்த நேரத்தில் சோம்யுரெக் திரும்பி வந்தார். மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னார். 20க்கு 20. சமம் என்றால் தோல்வி. அரசு வேறு வழியில்லாமல் மற்ற சிறு கட்சி உறுப்பினர்களோடு பேசி, சில திருத்தங்களை ஏற்று, டிரான்ஸ்போர்ட் மேட்டர்ஸ் கட்சியின் ராட் பார்ட்டன் ஆதரவைப் பெற்றது. டிசம்பர் தொடக்கத்தில் மசோதா நிறைவேறியது.

தேர்தல் இரவு எண்ணான 18ஐ வைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தைப் படித்துப் பாருங்கள். 18 கூட்டல் 3, 21 ஆகிவிடும், பிரச்சினையே எழுந்திருக்காது. ஏன் இவ்வளவு அமளி, ஏன் ஒரு பார்ட்டனின் ஓட்டுக்கு இவ்வளவு மதிப்பு என்று எதுவுமே புரியாது. பட்டியலைத் தேதியோடு படித்தால்தான் அந்த நாட்களின் செய்தி விளங்கும்.

இடங்களை வைத்து மக்கள் ஆதரவை அளப்பது

அந்த ராட் பார்ட்டன் எப்படி உள்ளே வந்தார் என்பதையும் பார்க்கலாம். ஒரு பிராந்தியத்தில் ஓர் இடத்துக்குத் தேவையான கோட்டா ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 16.7 சதவீதம். 2018இல் கிழக்கு மெட்ரோபாலிட்டன் பிராந்தியத்தில் அவர் கட்சிக்குக் கிடைத்த முதல் விருப்பு வாக்கு (வாக்காளர் 1 என்று போட்டது) ஒரு சதவீதத்துக்கும் கீழே, 0.6 அளவில். ஆனாலும் இடம் கிடைத்தது. அதே தேர்தலில் பசுமைக் கட்சி மாநிலம் முழுக்க 9 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஐந்தாக இருந்த அதன் இடம் ஒன்றாகக் குறைந்தது. மிஞ்சிய அந்த ஒருவர் ரத்னம்.

காரணம் வாக்குச் சீட்டில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் இரண்டு தாள் கொடுப்பார்கள். மேலவைத் தாள் மிகப் பெரியது. அட்டைத் தடுப்புக்குள் விரித்தால் இரண்டு பக்கமும் மடங்கி நிற்கும். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கட்சிப் பெயர்கள், கீழே வேட்பாளர் பெயர்கள். மேலே ஒரு கட்டத்தில் 1 என்று போட்டுவிட்டு வந்தால், உங்கள் விருப்பு வாக்கு அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை அந்தக் கட்சி முன்கூட்டியே பதிந்து வைத்த வரிசை தீர்மானிக்கும். கீழே போட்டால் குறைந்தது ஐந்து பேருக்கு நீங்களே எண் போட வேண்டும். வாக்கு நீங்கள் சொன்ன வழியில் மட்டும் போகும். பெரும்பாலானோர் மேலே ஒரு 1 போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சிறு கட்சிகள் தங்களுக்குள் வாக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்துகொண்டால், 0.6 என்பது படிப்படியாக 16.7 வரை ஏறிவிடும்.

எனவே 'கிழக்கு மெல்பர்ன் மக்கள் டிரான்ஸ்போர்ட் மேட்டர்ஸ் கட்சியை ஆதரித்தார்கள்' என்றோ, 'பசுமைக் கட்சியை மக்கள் கைவிட்டார்கள்' என்றோ உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்த்து எழுத முடியாது. ஆதரவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதல் விருப்பு வாக்கு அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். இந்த முறை சரியா தவறா என்று கேட்டால், தவறு என்றுதான் சொல்வேன். தன் வாக்கு எங்கே போய் நிற்கிறது என்று வாக்காளருக்கே தெரியாத ஏற்பாடு நல்லதல்ல. நியூ சவுத் வேல்ஸ் 1999 தேர்தலுக்குப் பிறகு இதைக் கைவிட்டது.

பெயர்கள்

கட்சிப் பெயரும் பிராந்தியப் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். ஃபியோனா பாட்டன் 2014இல் வென்றது செக்ஸ் கட்சி என்ற பெயரில். 2017இல் அதற்கு ரீசன் கட்சி என்று பெயர் மாறியது. இதைத் தெரியாமல் அவர் கட்சி தாவினார் என்று எழுதியவர்கள் உண்டு. மறுபக்கம், சோம்யுரெக் 2022 தேர்தலில் ஜனநாயகத் தொழிற்கட்சி சார்பில், அதுவும் வேறு பிராந்தியமான வடக்கு மெட்ரோபாலிட்டனில் வென்றார். அவரை இரண்டு பட்டியலிலும் பார்த்துவிட்டுத் தொழிற்கட்சிக்காரர் என்றே எழுதினால் தப்பு. கிழக்கு மெட்ரோபாலிட்டன் பிராந்தியம் 2022 தேர்தலிலிருந்து வடகிழக்கு மெட்ரோபாலிட்டன்; 2018 பட்டியலில் பழைய பெயரைத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, எம்.பி. என்ற எழுத்துகள். விக்டோரியாவில் இரண்டு அவை உறுப்பினர்களும் பெயருக்குப் பின்னால் எம்.பி. என்று போடுகிறார்கள். நம் பொங்கல் விழா அழைப்பிதழ்களில் இதைப் பார்த்துவிட்டு 'பாராளுமன்ற உறுப்பினர்' என்று மட்டும் அச்சிடுகிறோம். படிப்பவர் கான்பராவில் உள்ள கூட்டாட்சி நாடாளுமன்றம் என்று நினைத்துக்கொள்கிறார். 'விக்டோரியா மாநில மேலவை உறுப்பினர், இன்ன பிராந்தியம்' என்று எழுதினால் குழப்பம் இல்லை. 'நம் தொகுதி உறுப்பினர்' என்பதும் கீழவை உறுப்பினருக்குத்தான் பொருந்தும். மேலவையில் உங்கள் பிராந்தியத்துக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் மனு அனுப்பலாம்.

முடிவுத் தேதி

2018–2022 என்று எழுதும்போது கடைசி நாள் எது? பல பட்டியல்களில் தேர்தல் நாளான 2022 நவம்பர் 26ஐப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த நாடாளுமன்றத்தின் காலம் நவம்பர் 1 மாலை 6 மணிக்கே முடிந்துவிட்டது. ஆண்டு மட்டும் போட்டு எழுதினால் தொந்தரவு இல்லை; நாள் போட்டு எழுதினால் எந்த நாளைக் குறிக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த மலரில் ரத்னத்தைப் பற்றிய வரியைக் கடைசியில் எப்படித் திருத்தினோம் என்பதையும் சொல்கிறேன். அப்போது அவர் பதவியில் இருந்தார். இன்று எழுதினால் அந்த வரி இன்னும் கொஞ்சம் நீளும்: 'சமந்தா ரத்னம், பசுமைக் கட்சி, வடக்கு மெட்ரோபாலிட்டன் பிராந்தியம். 2017 அக்டோபரில் கிரெக் பார்பரின் காலியிடத்துக்கு நியமனம். 2018, 2022 தேர்தல்களில் வெற்றி. வில்ஸ் தொகுதியில் கூட்டாட்சித் தேர்தலுக்கு நிற்பதற்காக 2024 நவம்பரில் விலகல். அவர் இடத்துக்கு அனசினா கிரே-பார்பெரியோ நியமனம்.'